பாங்காக்கில் தனியாக: முதல் முறை போகிறவருக்கு

பாங்காக், தனியாகப் பயணம் தொடங்குகிறவருக்கு ஏற்ற ஊர். இரவு பதினோரு மணிக்கும் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் இருக்கும். பெண்கள் தனியாகக் கடைசி ரயிலைப் பிடித்து வீடு போவார்கள். நாலு தெருவுக்கு ஒரு செவன் இலெவன் கடை விடிய விடிய வெளிச்சமாகத் திறந்திருக்கும். கத்தியைக் காட்டிப் பறிப்பது பயணிகளுக்கு அபூர்வமாகவே நேர்கிறது. அதிகம் நேர்பவை இரண்டு: சாலை விபத்தும், சிரித்துப் பேசி ஏமாற்றுவதும்.

ஏமாற்றுக்கு ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் முக்கால்வாசி தப்பிக்கலாம். உதவி வேண்டுமா, ஆளை நீங்களே தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். தானாக வந்து பேச்சுக் கொடுப்பவரிடம் நின்று பேசாதீர்கள். தாய்லாந்துக்காரர்கள் கேட்டால் மனமாரச் சொல்வார்கள், கூடவே நடந்து வந்துகூட வழி காட்டுவார்கள். ஆனால் முன்பின் தெரியாத வெளிநாட்டவரை நிறுத்தி “எந்த ஊர், எத்தனை நாள், எந்த ஹோட்டல்” என்று விசாரிப்பது அவர்கள் வழக்கமில்லை. அப்படி விசாரிப்பவருக்கு ஏதோ விற்க வேண்டியிருக்கிறது.

கிளம்பும் முன்

1. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. கூகிளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் இதற்குப் பணம் கேட்கும். அவை குடிவரவுத் துறையின் தளங்கள் அல்ல. பணம் செலுத்தும் பக்கம் வந்தாலே தவறான இடத்தில் இருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். யூடியூப் வீடியோவை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

2. பயணக் காப்பீடு எடுங்கள். மருத்துவத்துக்கு 50,000 டாலராவது இருக்கட்டும். பாங்காக்கின் தனியார் மருத்துவமனைகள் தரமானவை, விலையும் அதற்கேற்றது. அவசரச் சிகிச்சை முடிந்த கையோடு முன்பணமோ காப்பீட்டு உறுதியோ கேட்பார்கள். பாலிசியில் மோட்டார் சைக்கிள் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். இரு சக்கர வண்டிக்குச் செல்லும் உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பெரும்பாலும் பைசா வராது.

3. தங்கும் இடத்தை விலை பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று பாருங்கள். பிடிஎஸ் வான்ரயில் அல்லது எம்ஆர்டி மெட்ரோ நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிடத்துக்குள் இருந்தால் இரவில் டாக்சி பேரம் என்ற தலைவலியே இல்லை. முதல் முறைக்கு ஆரி, பயா தாய், சாம் யான், சாலா தேங், புரோம் போங் நல்ல பகுதிகள். காவ் சான் சாலை பெயர் பெற்றது, ஆனால் பக்கத்தில் ரயில் இல்லை. அருகிலுள்ள சாம் யோத் மெட்ரோ நிலையமே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அங்கே இரவெல்லாம் இரைச்சலும் உண்டு.

4. ஹோட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தாய் எழுத்தில் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பல டாக்சி ஓட்டுநர்களுக்கு ஆங்கில வரைபடம் படிக்க வராது. கூடவே சோய் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சோய் என்றால் பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்து. சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை எண்கள் வடக்கே, இரட்டைப்படை எண்கள் தெற்கே. இரண்டும் சமமாக நகர்வதில்லை. தோங் லோ நிலையத்தில் 55-ஆம் சோய்க்கு நேர் எதிரே இருப்பது 38-ஆம் சோய்! 56-ஐத் தேடி எதிர்ப்பக்கம் போகிறவர் நள்ளிரவில் அலைவது இதனால்தான்.

5. பாஸ்போர்ட் முதல் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம், காப்பீட்டு எண் ஆகியவற்றின் படங்கள் போனிலும் இருக்கட்டும், வீட்டில் ஒருவரிடமும் இருக்கட்டும்.

இறங்கியதும்

சுவர்ணபூமி, தோன் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள், நகரின் வெவ்வேறு மூலைகளில். டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பும்போதும் பாருங்கள்.

சுவர்ணபூமியில் வருகைக் கூடத்திலேயே “டாக்சி, டாக்சி” என்று கூப்பிடுபவர்களைக் கடந்து, தரைத்தளத்துக்கு இறங்குங்கள். வெளியே பொத்தானை அழுத்தினால் சீட்டு தரும் இயந்திரங்கள் வரிசையாக இருக்கும். சீட்டில் உள்ள எண்ணுக்குரிய இடத்தில் உங்கள் டாக்சி நிற்கும். ஓட்டுநர் அந்தச் சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். புகார் செய்ய அதுதான் சான்று. கட்டணம் மூன்று பகுதி (பாட் என்பது தாய்லாந்து நாணயம்): 35 பாட் முதல் ஓடத் தொடங்கும் மீட்டர், ஐம்பது பாட் அளவில் விமான நிலையக் கட்டணம், விரைவுச்சாலை சுங்கம். சுங்கத்தை வழியிலேயே நீங்கள் கொடுக்க வேண்டும், அதனால் 20, 50, 100 பாட் நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். எல்லாம் சேர்த்து நகர மையத்துக்கு 300 முதல் 450 பாட். “நெரிசல், 800 கொடுங்கள்” என்றால் இறங்கி அடுத்த சீட்டு எடுங்கள்.

சுமை குறைவென்றால் விமான நிலைய ரயிலே மேல். அடித்தளத்தில் ஏறினால் அரை மணிக்குள் பயா தாய், 45 பாட். காலை ஐந்தரை மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும். விடியும் முன் இறங்கினால் ரயில் தொடங்கும் வரை உள்ளேயே காத்திருக்கலாம், நிலையம் 24 மணி நேரமும் இயங்கும். தோன் முவாங்கிலிருந்து சிவப்புத் தட ரயிலும், மோ சித் வான்ரயில் நிலையத்துக்கு ஏ1 பேருந்தும் உண்டு.

அதே அடித்தளத்தில், ரயில் நுழைவாயிலருகே உள்ள நாணய மாற்றுக் கடைகள் மேலே கூடத்தில் உள்ள வங்கிச் சாளரங்களைவிட நல்ல விகிதம் தரும். இந்திய ரூபாய்க்கு விகிதம் மோசமாக இருக்கும், டாலராகக் கொண்டுபோவது லாபம். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். அதனால் சிறிது சிறிதாக எடுக்காதீர்கள். திரையில் “உங்கள் நாணயத்தில் மாற்றித் தரட்டுமா” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த விகிதத்தில் நஷ்டம் அதிகம். இன்னொன்று: அங்கே பல இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்துவிட்டு அட்டையைக் கடைசியில்தான் தரும். பணம் வந்ததும் நடையைக் கட்டுகிறவர் அட்டையை இழக்கிறார். அட்டை கைக்கு வந்த பிறகே பணத்தை எண்ணுங்கள். இரண்டாவது அட்டையைப் பணப்பையில் வைக்காமல் அறையில் வையுங்கள்.

அறையில்

வரவேற்பில் பாஸ்போர்ட்டைப் பார்த்து நகல் எடுப்பார்கள். வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது விடுதியின் கடமை. ஆனால் பிணையாக யாரிடமும் பாஸ்போர்ட்டை விட்டுவைக்காதீர்கள், வண்டி வாடகைக் கடையில் அறவே கூடாது. கீறலைக் காட்டிப் பணம் கேட்டால் உங்கள் கையில் பிடி இருக்காது. கூட்டு அறை விடுதியானால் சொந்தப் பூட்டு ஒன்று கொண்டுபோங்கள். அவசரப் படிக்கட்டு எங்கே என்று முதல் நாளே நடந்து பாருங்கள். 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் நிகழ்ந்த நிலநடுக்கம் பாங்காக் மாடிக் கட்டடங்களை ஆட்டியபோது மின்தூக்கி இல்லாமல் படியில்தான் எல்லோரும் இறங்கினார்கள்.

தெருவும் வண்டியும்

இதுதான் உண்மையான ஆபத்து. வாகனங்கள் நம் ஊர் போலவே இடப்பக்கம் போகும், அதனால் பழகிய ஊர் போலத் தோன்றும். அந்த நினைப்பே ஆளைக் கவிழ்க்கும். சாலை கடக்கும் வரிக்கோட்டில் கால் வைத்தால் வண்டி நிற்கும் என்று எண்ண வேண்டாம். 2022 ஜனவரியில் பயா தாய் சாலையில் வரிக்கோட்டில் கடந்துகொண்டிருந்த கண் மருத்துவர் ஒருவர் மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். அதற்குப் பிறகு ஊரே இதைப் பற்றிப் பேசியது. கார் நின்று வழிவிட்டாலும் அதன் பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள் சீறி வரும். காரின் முன்பக்கம் வரை வந்து நின்று, அடுத்த தடத்தை எட்டிப் பார்த்து, பிறகு நடங்கள். நடைமேம்பாலம் இருந்தால் அதுவே வழி. ஒருவழிச் சாலையிலும் இரண்டு பக்கமும் பாருங்கள். நடைபாதையிலும் வண்டி ஏறி வரும், காதில் பாட்டுக் கருவி வேண்டாம்.

செம்மஞ்சள் மேலாடை அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்சிகள் சோயின் முகப்பில் நிற்கும். சோய்க்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போக வசதிதான், தலைக்கவசம் கேட்டு வாங்கி, வாரைப் பூட்டி, முழங்கால்களை உள்ளே ஒடுக்கி உட்காருங்கள். கார்களின் பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே நுழைந்து போவார்கள். பெரிய சாலையில் நெடுந்தூரத்துக்கு இதில் ஏறாதீர்கள். சொந்தமாக வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டுவதை இந்த ஊரில் மறந்துவிடுங்கள்.

டாக்சியில் ஏறுமுன் “மீட்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தலையை ஆட்டாவிட்டால் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அடுத்ததைப் பாருங்கள். சண்டை எதற்கு! பின்கதவின் உட்புறம் வண்டி எண் ஒட்டியிருக்கும், அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் படமெடுப்பதை ஓட்டுநர் பார்ப்பதும் நல்லதே. கிராப், போல்ட் ஆகிய டாக்சி அழைக்கும் செயலிகளில் கட்டணம் முன்பே தெரியும். எண் பலகை பொருந்தினால் மட்டும் ஏறுங்கள். நம் ஆட்டோ போன்ற துக்துக்குக்கு மீட்டர் கிடையாது, அதே தூரத்துக்கு டாக்சியைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். ஆசைக்கு ஒருமுறை ஏறலாம். பையைக் கால்களுக்கு நடுவே வைத்து, வாரைக் காலில் சுற்றிக்கொள்ளுங்கள், பக்கம் திறந்திருப்பதால் பறிப்பது சுலபம்.

“அரண்மனை இன்று மூடல்”

பாங்காக்கின் மிகப் பழைய ஏமாற்று இது. எப்படி நடக்கிறது, ஏன் பலிக்கிறது என்று தெரிந்தால் சிக்க மாட்டீர்கள்.

சானாம் சாய் மெட்ரோவில் இறங்கி வாத் போ கோயிலைத் தாண்டி நடப்பீர்கள். கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனையின் வெள்ளை மதில் நீண்டுகொண்டே போகும். மதிலில் வரும் வாசல்கள் பயணிகளுக்குத் திறப்பதில்லை. நுழைவு நா பிரா லான் சாலையிலுள்ள விசேத் சாய்சி வாசல் வழியாக மட்டுமே. வெயிலில் மூடிய வாசலைப் பார்த்துத் திகைக்கும் அந்த நொடியில் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, “இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள்” என்பார். மூடிய வாசல் கண்ணெதிரே இருப்பதால் பொய் உண்மை போலத் தெரியும். பிறகு வரைபடத்தை எடுத்து “அதிர்ஷ்ட புத்தர்”, “நின்ற புத்தர்” என்று குறித்துக் கொடுப்பார். 20 பாட்டுக்கு ஒரு துக்துக் தயாராக நிற்கும். கோயிலில் “தற்செயலாக” இன்னொருவர், இன்றோடு முடியும் நவரத்தினத் தள்ளுபடி பற்றிப் பேசுவார். கடைசியில் நகைக்கடை, அல்லது தையல் கடை. ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்று சொல்லித் தரும் நீலக்கல்லுக்குக் கொடுத்த விலையில் சிறு பங்குதான் மதிப்பு இருக்கும்.

செய்ய வேண்டியது: அரண்மனை நாள்தோறும் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை நுழைவு தரும், கட்டணம் 500 பாட். அரச நிகழ்ச்சி நாட்களில் சில பகுதிகள் மூடப்படுவதுண்டு, அதை அரண்மனையின் சொந்த இணையதளம் சொல்லும். நிற்காமல் “மை ஆவ், க்ராப்” என்று சொல்லி நடங்கள். பெண்கள் “மை ஆவ், கா” என்பார்கள். வேண்டாம் என்று அர்த்தம். சீருடைக்காரர் நிற்கும் பிரதான வாசல் வரை போய் உங்கள் கண்ணால் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், இல்லையென்றால் வாசலில் உடை விற்பவரிடம் மாட்டுவீர்கள்.

இதே வகையைச் சேர்ந்தது பட்போங் என்ற இரவுக் கேளிக்கைத் தெருவில் மாடியில் நடக்கும் ஆபாசக் காட்சி. 100 பாட் என்று அட்டையைக் காட்டி மாடிக்கு அழைப்பார்கள். இறங்கும்போது பில் ஆயிரங்களில் வரும், கதவருகே ஆட்கள் நிற்பார்கள். மாடி ஏறாதிருப்பதே வழி. ஏறிவிட்டால் கைகலப்பு வேண்டாம், சுற்றுலாக் காவல் எண் 1155-ஐ அவர்கள் காதுபட அழைக்கவும்.

இவற்றில் போவது பணம். உயிருக்கே உலை வைக்கும் இன்னொன்று உண்டு, அது தமிழ்நாட்டு இளைஞர்களை நேராகத் தொட்டது. “தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே தருகிறோம், சுற்றுலா விசாவில் வாருங்கள்” என்று அழைத்து, பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, மேற்கு எல்லையான மே சோத் வழியே ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். 2022-இல் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகரே இப்படிக் கடத்தப்பட்டு மீட்கப்பட்டார். தாய்லாந்தில் வேலை செய்யப் பணி விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். சுற்றுலா நுழைவில் வேலை என்றாலே பொய். மே சோத் பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அழைத்துப் போக வந்த கார் ஒரு மணி நேரமாகியும் நகரை விட்டு விலகிக்கொண்டே இருந்தால், பெட்ரோல் பங்கிலோ சோதனைச் சாவடியிலோ இறங்கிச் சத்தம் போடுங்கள். உதவிக்கு அழைக்கும் தாய்ச் சொல் “சுவாய் துவாய்!”

சாப்பாடு, வெயில், மழை

குழாய்த் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸ் ஆலையில் செய்தது, பெரும்பாலும் பாதுகாப்பானது. கூட்டம் உள்ள, உங்கள் கண்முன் சூடாகச் சமைக்கும் தள்ளுவண்டியே நல்லது. சைவர்கள் கவனிக்க: காய்கறிப் பொரியலிலும் நாம் பிளா என்ற மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் “ஜே” என்று போட்ட கடைகளில் மீனோ முட்டையோ பூண்டோ இருக்காது. யாதோங் என்ற மூலிகைச் சாராயத்தைத் தொடவே தொடாதீர்கள். 2024 ஆகஸ்டில் அதில் மெத்தனால் கலந்து நகரின் கிழக்குப் பகுதிகளில் உயிர்கள் போயின. பாரில் உங்கள் கோப்பையை விட்டு எழுந்தால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் ஒரு மணி நேர மழைக்கே சோய்கள் முழங்கால் நீரில் நிற்கும். நீரில் மூடியில்லாத சாக்கடையும், அறுந்த மின்கம்பியும் தெரியாது. வான்ரயில் நிலையத்திலோ வணிக வளாகத்திலோ வடியும் வரை நில்லுங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டில் யாரும் யார் மீதும் தண்ணீர் ஊற்றுவார்கள். போனுக்கு நீர்புகா உறை வாங்குங்கள், அந்த நாட்களில் இரு சக்கர வண்டியே வேண்டாம்.

நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ராமா 4 சாலையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சாவோவபா நிலையம் இதற்கென்றே பெயர் பெற்றது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சட்டம் சறுக்கும் இடங்கள்

மன்னர் குடும்பத்தைப் பற்றிக் கேலியோ விமர்சனமோ வேண்டாம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு சிறை. மின் சிகரெட் கொண்டுபோவதே குற்றம். 2022-இல் தளர்த்திய கஞ்சா விதியை 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். தெருக் கடையைப் பார்த்து எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். குரலை உயர்த்திச் சண்டை போட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சுற்றியுள்ளவர்கள் விலகிவிடுவார்கள். தாழ்ந்த குரலும் சிரிப்பும் அங்கே காரியம் சாதிக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால்

சுற்றுலாக் காவல் 1155, இரவு பகல் எப்போதும், ஆங்கிலத்தில் பேசலாம். பொதுக் காவல் 191. ஆம்புலன்ஸ் 1669, மறுமுனையில் பெரும்பாலும் தாய் மொழிதான், அதனால் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். “ரோங் பயாபான்” என்றால் மருத்துவமனை.

பாஸ்போர்ட் தொலைந்தால் வரிசை முக்கியம். முதலில் காவல் நிலையத்தில் புகார் அறிக்கை, பிறகு சுகும்வித் 23-ஆம் சோயில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்று, அதன் பின் நுழைவு விவரத்தைப் புதிய ஆவணத்தில் பதியக் குடிவரவு அலுவலகம். கடைசிப் படியை மறந்து நேரே விமான நிலையம் போகிறவர்கள் குடிவரவுச் சாளரத்தில் நின்றுவிடுகிறார்கள். இலங்கை, மலேசியக் குடிமக்கள் தங்கள் தூதரக முகவரியைப் போகுமுன் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் முகம் பார்க்க வேண்டும் போலிருந்தால் சீலோம் சாலையில் பான் சாலை முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் வாத் கேக் என்பார்கள். சுரசாக் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

திரும்பும் நாள்

பெட்டியை நீங்களே அடுக்கிப் பூட்டுங்கள். கடைசி இரண்டு நாளில் பழக்கமானவர், “சென்னையில் என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான், சாக்லேட்தான்” என்று ஒரு பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள், டிக்கெட் செலவை ஏற்கிறேன் என்றாலும் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வருகிறவர்களிடம் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் நீரில் வளர்த்த) கஞ்சாவும் ஆமை, குரங்குக் குட்டி போன்ற உயிரினங்களும் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. பலர் வெறும் சுமைதூக்கிகள். கஞ்சா ஒரு கிலோவைத் தாண்டினால் நம் சட்டத்தில் பத்தாண்டு வரை, அளவு மிகப் பெரிதானால் அதற்கு மேலும் சிறை. உள்ளே என்ன இருந்தது தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியதும் பெட்டியின் சொந்தக்காரர்தான்.